மின்சாரம் போனாலும் பேசும் டயல் போன்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கறுப்பு டயல் போன், பெங்களூரில் 1948இல் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) நிறுவனத்தின் தயாரிப்பு. அப்பா காலத்தில் வந்தது. ஆளுக்கொரு கைப்பேசி வந்த பிறகும் அந்த இணைப்பை நான் விடவில்லை. மாத வாடகை தண்டச் செலவு என்று உறவினர்கள் பலமுறை சொல்லிப் பார்த்தார்கள். புயலுக்கும் மின்வெட்டுக்கும் கைகொடுக்கும் போன் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், செப்புக் கம்பி இணைப்பில் இருக்கும் இப்படிப்பட்ட பழைய போனைத்தான் இன்றும் சொல்வேன்.

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் சென்னையைக் கடந்தபோது இது நன்றாக விளங்கியது. மின்சாரம் முன்பே நின்றிருந்தது. இரவுக்குள் கைப்பேசிகளில் சிக்னலும் போய்விட்டது. கோபுரங்களில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் போய்ச் சேர வேண்டும். எங்கள் பக்கமோ சாலைக்குச் சாலை மரங்கள் விழுந்து கிடந்தன. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் வழக்கம்போல் ஒலித்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரே சிக்கல்: பிள்ளைகளின் எண்கள் எல்லாம் சார்ஜ் தீர்ந்த கைப்பேசிக்குள் இருந்தன. எதிர்வீட்டு மாமி மட்டும் ரெக்ஸின் அட்டை போட்ட பழைய டயரியோடு வந்தார். பெங்களூரில் இருந்த மகளின் எண்ணை ஒவ்வொன்றாக நான் சுழற்ற, மாமி பக்கத்தில் நின்று படித்தார். மணி ஒலிக்கும் சத்தம் கேட்டதும் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ கிளம்பி வராதே" என்று முதல் வார்த்தையாகச் சொன்னார். அன்றைக்கே ஒரு தாளில் முக்கியமான எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். போன் இருந்தும் எண் இல்லாவிட்டால் பயனில்லை.

இந்த உறுதிக்குக் காரணம் எளிமையானது. செப்பு இணைப்பில் வீட்டு மின்சாரத்தை இந்தப் போன் தொடுவதே இல்லை. தொலைபேசி இணைப்பகத்தில் (எக்ஸ்சேஞ்ச்) வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் அந்த இரண்டு செப்புக் கம்பிகள் வழியாகவே வீட்டுக்கு வந்து சேர்கிறது. மின்வெட்டானால் பேட்டரியும், அதற்குத் துணையாக டீசல் ஜெனரேட்டரும் அங்கே பார்த்துக்கொள்கின்றன. ரிசீவரைத் தூக்கினால் சுற்று மூடி, சில பத்து மில்லி ஆம்பியர் ஓடுகிறது. ஒலிவாங்கிக்குள் இருக்கும் கரித்துகள்கள் நம் குரலின் அழுத்தத்துக்கேற்ப இறுகித் தளர, அந்த மின்னோட்டமே பேச்சாகிறது. மணி அடிப்பதற்கு மட்டும் 75 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் வரும். ஆகவே அழைப்பு வரும் நேரத்தில் கம்பி முனைகளை வெறுங்கையால் தொடக் கூடாது.

டயலின் வேலை இன்னும் அழகானது. துளையில் விரலை நுழைத்து, உலோகத் தடுப்பு வரை சுழற்றி விட வேண்டும். திரும்பும்போதுதான் எண் போகிறது: 1க்கு மின்னோட்டத்தில் ஒரு துண்டிப்பு, 9க்கு ஒன்பது, 0க்குப் பத்து. நொடிக்குப் பத்துத் துண்டிப்பு என்ற வேகத்தை உள்ளே சுழலும் சின்னஞ்சிறு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி காக்கிறது. அந்தப் புயல் வாரத்தில் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், அவசரத்தில் விரலை எடுக்காமல் தட்டைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார். அப்படித் தள்ளினால் வேகம் மாறி எண் தவறிவிடும். தானாகத் திரும்ப விட வேண்டும். வீட்டுக் குழந்தைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது 108 எண்ணைச் சுழற்றுவதைத்தான்.

குறைகள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். 2021 ஜனவரி முதல் லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆக மொத்தம் 11 எண்கள். டயலில் சுழற்ற ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். வாடிக்கையாளர் சேவையில் "தமிழுக்கு 1ஐ அழுத்தவும்" என்றால் இது எதுவும் செய்யாது, அதற்கு வேண்டிய டோன் இதில் இல்லை. குறுஞ்செய்தியாக வரும் ரகசிய எண்ணையும் எதிர்பார்க்க முடியாது. இடி மின்னல் அருகில் இருக்கும்போது கம்பியுள்ள எந்தப் போனிலும் பேசுவது ஆபத்து. அந்த நேரத்தில் நான் ரிசீவரைத் தொடுவதில்லை.

வெள்ளம்தான் இதன் பெரிய எதிரி. வார்தாவுக்கு முந்தைய ஆண்டு, 2015 டிசம்பர் மழையில், தெருமுனையில், பல வீடுகளின் தொலைபேசிக் கம்பிகள் கூடும் பில்லர் பெட்டிக்குள் தண்ணீர் ஏறியது. முதலில் கரகரப்பு, பிறகு அடுத்தவர் பேச்சு மெல்லக் கேட்டது, கடைசியில் ஒன்றுமே இல்லை. நிலத்தடிக் கேபிள் காற்றுக்கு அஞ்சாது. தண்ணீர் அதன் இணைப்புகளுக்குள் புகுந்தால் தீர்ந்தது. லைன்மேன் வந்து முனைகளைத் துடைத்துப் புதிதாகக் கட்டிய பிறகே போன் உயிர் பெற்றது. புயலுக்கு இதை முழுமையாக நம்பலாம், வெள்ளத்துக்குப் பாதிதான்.

போனுக்காக நான் செய்திருக்கும் பராமரிப்பு மிகக் குறைவு. நீண்ட நாள் பயன்படுத்தாமல் இருந்தால் கரித்துகள்கள் இறுகிக் குரல் மங்கும். பேசும் முனையை உள்ளங்கையில் லேசாகத் தட்டினால் சரியாகிவிடும். ரிசீவர் கம்பி ஒருமுறை உள்ளே அறுந்து, பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. ரிச்சி தெருவில் மாற்றுக் கம்பி கிடைத்தது.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள். பழைய தோற்றத்தில் விற்கும் அலங்காரப் போன்கள் பலவற்றில் வட்டத் தட்டு சுழலாது, உள்ளே சாதாரணப் பொத்தான் பலகைதான் இருக்கும். உண்மையான டயலில் 0ஐச் சுழற்றி விட்டால் சீரான கிர் ஒலியோடு, ஒரு நொடியைச் சற்றே தாண்டித் திரும்ப வேண்டும். நடுவில் தயங்கினால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது. டயல்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் அவசியமில்லை. கம்பியுள்ள சாதாரணப் பொத்தான் போனும் இணைப்பகத்தின் மின்சாரத்திலேயே ஓடும். கம்பியில்லாக் கார்ட்லெஸ் மட்டும் வேண்டாம், மின்சாரம் நின்றால் அதன் அடிப்பெட்டி செத்துவிடும்.

இப்போது எங்கள் தெருவிலும் செப்பு போய் ஃபைபர் வந்துவிட்டது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. இழையில் வரும் ஒளியைப் போனுக்கேற்ற மின் சிக்னலாக மாற்ற வீட்டில் வைக்கும் ஓ.என்.டி. பெட்டிக்கு நாம்தான் மின்சாரம் தர வேண்டும். பிரிட்டனில் 2027 ஜனவரியில் பழைய அனலாக் தொலைபேசி வலையமைப்பை முழுதாக நிறுத்தப்போகிறார்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் மின்வெட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும் என்று அங்கே கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் சொல்கிறது. புயலில் ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? செப்பு இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கும் வீடுகளில் தயவுசெய்து அதை அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள்.

எங்கள் ஏற்பாடு இப்போது இப்படி: ஓ.என்.டி. பெட்டிக்கு 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்று. அதன் போன் துளையில் டயல் போனையும் ஒரு பொத்தான் போனையும் சேர்த்து இணைத்திருக்கிறேன். எங்கள் பெட்டி டயலின் துண்டிப்புகளை எண்ணாகப் புரிந்துகொள்வதில்லை, எல்லாப் பெட்டிகளும் அப்படியல்ல. ஆகவே எண்ணைப் பொத்தான் போனில் அழுத்திவிட்டுப் பழைய ரிசீவரில் பேசுகிறோம். வரும் அழைப்புக்கு ஐ.டி.ஐ. போனின் பித்தளை மணிதான் அடிக்கிறது, மொட்டை மாடி வரை கேட்கிறது. யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிக்க, மாதத்தின் முதல் ஞாயிறன்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டயல் டோன் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக் குறித்து வைக்கிறேன்.