தம்பதி சிகிச்சையில் இ.எஃப்.டி. பயிற்சி: ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

முதல் நான்கு நாள் வகுப்பு முடிந்த கையோடு இதை எழுதியிருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன். ஒரு வருடம் கழித்து எழுதியிருந்தால் நாலுகூடத் தேறியிருக்காது. இப்போது ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. சான்றிதழ் கையில் இருக்கிறது, வாரத்துக்கு ஏழெட்டுத் தம்பதிகளைப் பார்க்கிறேன். சேரலாமா வேண்டாமா என்று கேட்கும் சக ஆலோசகர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். இ.எஃப்.டி. என்று தேடினால் முகத்திலும் கையிலும் விரலால் தட்டிக்கொள்ளும் முறை ஒன்று வந்து நிற்கும். அது வேறு. நான் சொல்வது எமோஷனலி ஃபோகஸ்டு தெரபி, உணர்ச்சியை மையமாக வைத்துத் தம்பதிகளுக்குத் தரும் சிகிச்சை. 1980களில் கனடாவில் சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் சேர்ந்து உருவாக்கியது. அவர்களுடைய முதல் ஆய்வு 1985இல் வந்தது. பிறகு இருவருக்கும் வழி பிரிந்தது. கிரீன்பெர்க் வழியின் பெயர் எமோஷன் ஃபோகஸ்டு தெரபி; ஓரெழுத்து வித்தியாசம் மாதிரிதான் தெரியும், ஆனால் பயிற்சி தனி. ஜான்சன், பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் பிணைப்புக் கோட்பாட்டைத் தம்பதிகளிடம் கொண்டுவந்தார். பயந்த குழந்தை தாயைத் தேடுகிற மாதிரி வளர்ந்தவர்களும் ஒருவரைத் தேடுகிறார்கள், கிடைக்காதபோது கத்துகிறார்கள் அல்லது வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது சாரம். அவர் 2024இல் காலமானார். 1998இல் அவர் தொடங்கிய ஐ.சி.இ.இ.எஃப்.டி. என்ற சர்வதேச இ.எஃப்.டி. அமைப்புதான் இன்றும் பயிற்சிப் படிகளை வகுத்துச் சான்றிதழ் தருகிறது. பணம் கட்டும் முன் எந்த வழிப் பயிற்சி என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

படிகள் இவை: எக்ஸ்டெர்ன்ஷிப் என்ற அறிமுக வகுப்பு நான்கு நாள். அப்புறம் கோர் ஸ்கில்ஸ் என்ற திறன் பயிற்சி, இரண்டிரண்டு நாளாக நான்கு சுற்று, மொத்தம் 48 மணி நேரம். பிறகு குறைந்தது 8 மணி நேரம் தனி சூப்பர்விஷன், அதாவது நம் அமர்வு வீடியோவை மூத்தவர் ஒருவர் கூட உட்கார்ந்து பார்த்துத் திருத்துவது. கடைசியில் சொந்த அமர்வுகளிலிருந்து இரண்டு வீடியோத் துண்டுகள், ஒன்று சிகிச்சையின் முதல் கட்டத்தைக் காட்ட, இன்னொன்று இரண்டாம் கட்டத்தைக் காட்ட. தாளில் பார்த்தால் ஒரு வருட வேலை. எனக்கு மூன்றரை ஆண்டு ஆனது.

எக்ஸ்டெர்ன்ஷிப் ஒரு போதை. பயிற்சியாளர் ஒரு தம்பதியுடன் நேரடியாக உட்கார்ந்து பேசுவதை நாம் வேறு இடத்திலிருந்து பார்க்கிறோம். பத்து வருடக் கசப்போடு வந்தவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். இவ்வளவுதானா, அடியில் இருக்கிற பயத்தைத் தொட்டால் போதும்போல, என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரமே ஒரு தம்பதி. (அடையாளம் தெரியாதபடி எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) மனைவி சொன்னார்: "நான் கத்தினாத்தான் இவர் காதுல விழுது மேடம்." கணவர் கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். நான் நேராக அவரிடம் போய், "இந்த அமைதிக்கு அடியில ஒரு பயம் இருக்கா?" என்று கேட்டேன். "பயமா? எனக்கென்ன பயம்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி சிரித்துவிட்டார். மீதி நேரம் முழுக்க அந்தச் சிரிப்பைப் பற்றிய சண்டைதான்.

எங்கே தவறினேன் என்பது கோர் ஸ்கில்ஸில்தான் புரிந்தது. இந்த முறைக்கு மூன்று கட்டம், ஒன்பது படி என்று ஒரு வரைபடம் உண்டு. சண்டையின் சுழலைத் தணிப்பது, பிணைப்பை மாற்றி அமைப்பது, மாறியதைக் கெட்டிப்படுத்துவது. வரைபடம் அமர்வு முடிந்த பிறகு குறிப்பு எழுத உதவும். எதிரே இரண்டு பேர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இது நாலாம் படியா ஐந்தாம் படியா என்று யோசித்தால் கதை முடிந்தது. அறைக்குள் எனக்குக் கைகொடுத்தது டாங்கோ என்று அவர்கள் சொல்லும் ஐந்து அசைவுகள்தான்.

கடிகார வார் மனிதரையே எடுத்துக்கொள்வோம். முதல் அசைவு, கண்முன் நடப்பதை அப்படியே சொல்வது: "இவங்க குரல் ஏறினதும் உங்க கை வாருக்குப் போகுது." இரண்டாவது, அந்த ஒரு நொடியைப் பிரித்துப் பார்ப்பது. எது காதில் விழுந்தது, உடம்பில் என்ன ஆனது, மனசு அதற்கு என்ன அர்த்தம் எடுத்தது, என்ன செய்யத் தோன்றியது. மூன்றாவது, அதையே மனைவி பக்கம் திரும்பிச் சொல்லவைப்பது. நான்காவது, சொன்னவருக்கும் கேட்டவருக்கும் எப்படி இருந்தது என்று பார்ப்பது. ஐந்தாவது, நடந்ததைக் கோத்து இருவர் கையிலும் கொடுப்பது. அன்றைக்கு நான் முதல் அசைவையும் இரண்டாவதில் முக்கால்வாசியையும் தாண்டி ஒரே குதியாகப் பயத்துக்குப் போயிருந்தேன். அவர் ஏன் கூட வருவார்?

கோர் ஸ்கில்ஸில் ஒரு குறையும் உண்டு. நான் சேர்ந்த ஆன்லைன் தொகுப்பில் ஆட்கள் மிக அதிகம். ரோல்-பிளேவுக்குச் சின்னக் குழுவாகப் பிரித்தால் கேமராவை அணைத்துவிட்டுக் காணாமல் போவார்கள். ஒரு தடவை கணவனாக நடிக்க வேண்டியவர் திரும்பி வரவே இல்லை. பின்வாங்கும் கணவனை இதைவிடத் தத்ரூபமாக நடிக்க முடியாது என்று சிரித்துக்கொண்டோம், ஆனால் கட்டிய பணம் பணம்தானே. குழுவுக்கு எத்தனை பேர், உதவிப் பயிற்சியாளர் இருப்பாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

உண்மையான பயிற்சி தொடங்கியது என் சொந்த வீடியோவைப் பார்த்தபோது. முதல் சூப்பர்வைசர் எதைக் காட்டினாலும் "அருமை" என்பார். மூன்று மணி நேரம் அருமையாகவே போனது, ஒன்றும் நகரவில்லை. மாறினேன். இரண்டாமவர் முதல் நாளே ஒரு துண்டை ஓடவிட்டு, நான்காவது நிமிடத்தில் நிறுத்தி, "இவர் இப்ப என்ன பண்ணினார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. திரும்ப ஓட்டினார். கணவர் எச்சிலை விழுங்கி, வாயைத் திறந்து, மூடுகிறார். அந்த இரண்டு நொடிக்குள் நான் அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தோம்: 20 நிமிடத்தில் 31 கேள்வி. அந்த மனிதர் வீட்டில் என்ன அனுபவிக்கிறாரோ அதையே நானும் செய்துகொண்டிருந்தேன், இன்னும் கொஞ்சம் மரியாதையாக.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியில் எந்த மொழிக்காரருக்கும் பொதுவாக ஆறு குறிப்பு தருவார்கள்: திரும்பச் சொல், படிமம் பயன்படுத்து, எளிமையாகப் பேசு, மெதுவாகப் பேசு, குரலைத் தாழ்த்து, எதிரில் இருப்பவரின் சொல்லையே எடு. பயிற்சி வீடியோக்கள் எல்லாம் ஆங்கிலம். அந்தக் குரலை அப்படியே தமிழில் போட்டால் வானொலி நாடகம்போல இருக்கிறது. "தொண்டை சரியில்லையா மேடம்?" என்று ஒருவர் அக்கறையாகவே கேட்டார்.

"எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று வரும். "அந்த நேரத்துல உள்ளுக்குள்ள என்ன ஆச்சு?" என்று கேட்டால் மனிதர் யோசிக்கிறார். ஆங்கிலத்தில் 'வல்னரபிள்' (காயப்படக்கூடிய நிலையில் மனம் திறந்து நிற்பது) என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாதி வகுப்பை ஓட்டிவிடுவார்கள். தமிழில் அதற்கு இணை தேடி ஆறு மாதம் வீணாக்கினேன். தேவையே இல்லை. "நெஞ்சு பக்குனு ஆயிடுச்சு", "கையும் ஓடல காலும் ஓடல", "மனசு விட்டுப்போச்சு" என்று வருகிறவர்களே கொட்டுகிறார்கள். ஆறாவது குறிப்பு சொல்வதும் அதைத்தானே. "மனசு விட்டுப்போச்சு" என்று அவர் சொன்னால் அதை "நம்பிக்கை இழந்தீர்கள்" என்று திருத்தி அடுக்கி வைக்காமல், "விட்டுப்போச்சு... எப்ப விட்டுப்போச்சு?" என்று அங்கேயே நிற்க வேண்டும்.

தமிழ் தருகிற இன்னொரு அனுகூலம், எந்தப் பயிற்சியிலும் சொல்லாதது. என்னிடம் பேசும்போது கணவன் மனைவியை 'இவ' என்பார். மூன்றாவது அசைவில் அவள் பக்கம் திரும்பிச் சொல்லச் சொன்னால், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு "இவ பேசாம இருந்தா எனக்குத் தாங்காது" என்றுதான் வரும். உடம்பு அங்கே, பேச்சு இன்னும் என்னிடம். "அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று மறுபடி மெதுவாகச் சொல்வேன். நீண்ட இடைவெளி. "நீ... நீ பேசாம இருந்தா எனக்குத் தாங்காது." இவ, நீ ஆகிற அந்த இடத்தில் அறையின் காற்றே மாறும். இப்போது வீடியோ பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்தச் சொல்லைத்தான்.

சான்றிதழுக்கு அனுப்பிய முதல் தடவை இரண்டாம் கட்ட வீடியோ திரும்பி வந்தது. காரணம் நியாயமானது. குற்றம் சொல்லியே பழகிய மனைவி இளகிப் பேசுவதாக நான் நினைத்து அனுப்பிய துண்டு அது. அவர் அழுதார்தான். ஆனால் கணவர் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஒதுங்கியவர் முதலில் வந்து நின்றால்தான் துரத்துபவர் கையை நீட்ட முடியும், இல்லாவிட்டால் நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும். வகுப்பில் பத்துத் தடவை கேட்டது. அழுகையைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். அடுத்த துண்டை அனுப்ப 14 மாதம் ஆனது.

இந்த முறை கூடாத இடங்களைப் பற்றி வகுப்பில் இன்னும் விரிவாகப் பேசியிருக்க வேண்டும் என்பது என் மனத்தாங்கல். வன்முறை நடந்துகொண்டிருக்கும் வீடு, தொடரும் ரகசிய உறவு, கட்டுக்குள் இல்லாத குடி. பாதுகாப்பில்லாத ஒருவரை மனம் திறக்கச் சொல்வது அவரை அடிவாங்க அனுப்புவது. அதனால்தான் தொடக்கத்தில் இருவரையும் தனித்தனியாக ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். நேரமில்லை என்று ஒரே ஒரு தம்பதியிடம் அதைத் தள்ளிப்போட்டேன். நான்காவது அமர்வுக்குப் பிறகு அந்தப் பெண் தனியாக அழைத்துச் சொன்னதைக் கேட்ட பிறகு, இன்றுவரை தள்ளிப்போட்டதில்லை.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பதிகளில் 70 முதல் 73 விழுக்காட்டினர் மீண்டார்கள் என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். அது 1999இல் சில ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு. ஆராய்ச்சிக்காக நன்கு கண்காணிக்கப்பட்ட தெரபிஸ்ட்டுகளின் கணக்கும்கூட. 31 கேள்வி கேட்ட என்னுடையது அல்ல. எதிரே உட்கார்ந்திருக்கும் இருவரிடம் நான் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

வீட்டில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: முதல் வருடம் ஒரு பயனும் இல்லை. "என்கிட்ட அந்தக் குரல்ல பேசாதே" என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

யாருக்கு இது சரிப்படும்? உடனே கையில் ஒரு பயிற்சித்தாள் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்களுக்குக் கஷ்டம். தன் வீடியோவைத் தானே பார்க்கக் கூசுகிறவர்களுக்கு அதைவிடக் கஷ்டம், ஆனால் அந்தக் கூச்சம் போகும். எக்ஸ்டெர்ன்ஷிப்போடு நிறுத்திக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல சூப்பர்வைசர் ஒருவரைப் பிடிப்பது மேல்.

வீடியோவுக்குத் தம்பதிகள் ஒத்துக்கொள்வார்களா என்று பலரும் கேட்கிறார்கள். நானும் பயந்து முதல் எட்டு மாதம் கேட்கவே இல்லை. அதுதான் பெரிய நஷ்டம். யார் பார்ப்பார்கள், எங்கே இருக்கும், எப்போது அழிப்பேன் என்று முதல் அமர்விலேயே எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன், திரும்பக் கேட்பதில்லை. பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒருவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இத நானும் ஒரு தடவை பாக்கலாமா மேடம்? நான் எப்படிப் பேசுறேன்னு இவ சொல்றா, எனக்குத் தெரியவே மாட்டேங்குது."