குட்டிகளுக்காக வாங்கிய சமையலறைத் தராசு: ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு

என் நாய் செம்பியின் முதல் பிரசவத்துக்கு ஹீட்டிங் பேட், பால் பாட்டில், கையுறை, பழைய துண்டுகள் என்று எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். தராசு என் யோசனையிலேயே இல்லை. "ஒரு கிராம் வித்தியாசம் காட்டுகிற சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள்" என்று சொன்னது டாக்டர்தான். அது இல்லையென்றால் மூன்றாவது குட்டி இன்று இருந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

சாதாரண தட்டை டிஜிட்டல் தராசுதான். 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் வரை காட்டும். காலி பாத்திரத்தை வைத்து 'டேர்' பட்டனை அழுத்தினால் சுழியத்துக்கு வந்துவிடும், அப்புறம் குட்டியின் எடை மட்டும் தெரியும். எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமில்லை, இந்த இரண்டும் இருந்தால் போதும்.

பிரசவம் சுலபமாக நடக்கவில்லை. சினையாகி 55 நாளுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் நாலு குட்டி என்று தெரிந்திருந்தது. வழக்கமாக 38 டிகிரிக்கு மேல் இருக்கும் அவள் உடல் சூடு அன்று காலை 37-க்குக் கீழே போனது. அப்படி இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி வந்துவிடும். இரவில் முதல் இரண்டும் நல்லபடியாக வந்தன. மூன்றாவதற்கு அரை மணி நேரம் விடாமல் முக்கினாள், ஒரு வால் நுனி தெரிந்ததோடு சரி. பின்னங்கால் முதலில் வருவது நாய்களுக்குச் சகஜம்தான். ஆனால் இது காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு இடுப்பால் வழியை அடைத்திருந்தது. பிடித்து இழுத்துப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. இழுக்காமல் டாக்டருக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பினேன். பிறந்த இரண்டும் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்த பெட்டியில் வந்தன.

டாக்டர் வழுவழுப்பான ஜெல்லைத் தடவி, விரலை விட்டு ஒவ்வொரு காலாக நிமிர்த்தினார். அவள் முக்கும்போது மட்டும் கீழ்ப்பக்கமாக மெல்ல இழுத்தார். குட்டி துவண்டு போய் வந்தது. பனிக்குடத்தைக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, துண்டால் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தலைகீழாகப் பிடித்து வீசுவது கூடாது, மூளையில் ரத்தம் கசியும் என்றார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது, கடைசியில் 'கீ' என்று ஒரு சத்தம் வந்தது. வாயைத் திறந்து மேலண்ணத்தில் பிளவு இல்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். நாலாவது தானாகவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் எடை போட்டேன். 168, 160, 138, 155. அந்த 138-தான் மூன்றாவது, வால் நுனி மட்டும் வெள்ளை.

முதல் நாளில் பத்து சதவீதம் வரை எடை குறையலாம், அதற்குப் பிறகு தினமும் ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் வெள்ளைவால் 130. சரி, கணக்குக்குள்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் மற்ற மூன்றும் ஏறியிருந்தன, இது 127. பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. மற்ற குட்டிகளோடு சேர்ந்து காம்பைக் கவ்விக்கொண்டுதான் கிடந்தது. "நல்லாத்தானே குடிக்குது" என்றாள் தங்கை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போதுதான் பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. இருபது நிமிடம் கழித்து மூத்த குட்டி 174-லிருந்து 179. வெள்ளைவால் 127, மறுபடியும் 127. காம்பை வாயில் வைத்திருந்ததே தவிர உறிஞ்சவே இல்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

உடல் சூடு 33.8 இருந்தது. முதல் வாரத்தில் 35-க்கு மேல் இருக்க வேண்டும். பாட்டிலை எடுக்கப் போன என்னை டாக்டர் போனிலேயே நிறுத்தினார். குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது, முதலில் சூடு, அப்புறம்தான் பால். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு நாய்க்குட்டிகளுக்கான பால்பவுடரைக் கலக்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 4 மில்லி. மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடிக்காமல், வயிறு கீழே இருக்கும்படி குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். நடுநடுவே மற்றவற்றை விலக்கி, பால் அதிகமுள்ள பின் காம்பில் அதை மட்டும் விட்டேன். மூன்றாம் நாள் 129. நாலாம் நாள் 135. அன்று அது தானாகவே உறிஞ்சியது, சத்தம் கேட்டது. பதினாலாம் நாள் 281, பிறந்ததைவிட இரண்டு மடங்கு. கண்ணும் அதே வாரத்தில் திறந்தது.

இனி குறைகள். தட்டு கண்ணாடி, சில்லென்று இருக்கும். நேராக அதில் குட்டியை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவில் துணியை மடித்துப் போட்டு, டேர் செய்துவிட்டு வையுங்கள். குட்டி நெளிந்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கும், இதில் எடையை நிறுத்திக் காட்டும் வசதி கிடையாது. பால் குடித்துத் தூங்கும் குட்டி என்றால் பிரச்சனையில்லை, பசியோடு இருந்தால் பத்து தடவை பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், மறுபடியும் டேர் செய்ய வேண்டும். ஒரு காலை நாலு குட்டியும் பத்து கிராமுக்கு மேல் குறைந்ததாகக் காட்டி என்னை அழவைத்தது. பார்த்தால், நான்தான் தராசைச் செம்பியின் போர்வை மேல் வைத்திருக்கிறேன். கெட்டியான, சமமான தரையில் வைத்தால்தான் சரியாகக் காட்டும்.

நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டுவது வேண்டாம், பல மாடல்கள் அரை கிலோவுக்கு மேல் தாங்காது. 5 கிலோ தராசு வாங்குங்கள். டப்பா மட்டும் உயரமானதாகப் பாருங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வெள்ளைவால்தான் முதலில் வெளியே ஏறுகிறது.