சிபிவிடி: அட்ரினலினை வாசலில் தடுப்பதா, கசிவை அடைப்பதா?

ஓட்டப் பந்தயத்தில் பாதி தூரம் போன பிள்ளை மயங்கி விழுகிறது. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுகிறது. ஈசிஜி சரி, எக்கோவும் சரி. வலிப்பு என்று நினைத்து மாத்திரை கொடுக்கப்படும் இத்தகைய பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது சிபிவிடி என்ற பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு. டிரெட்மில்லில் ஓடவிட்டு ஈசிஜி பார்த்தால்தான் அது பிடிபடும்.

ஓடும்போதும் பயப்படும்போதும் சுரக்கும் அட்ரினலின், இதயச் செல்லின் பீட்டா ஏற்பியில் வந்து ஒட்டுகிறது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகி, பிகேஏ என்ற நொதி முடுக்கிவிடப்படுகிறது. அது செல்லின் கால்சியக் கிடங்கை நிரப்புகிறது. கிடங்கின் கதவான ரையனோடின் ஏற்பியையும் எளிதில் திறக்க வைக்கிறது. மற்றவர்களுக்கு இதனால் துடிப்பு வேகமாகும், அவ்வளவுதான். சிபிவிடி உள்ள பெரும்பாலோருக்கு அந்தக் கதவின் மரபணுவிலேயே பிழை. 2001-இல் இது தெரியவந்தது. இரு துடிப்புகளுக்கு நடுவே கால்சியம் கசிகிறது. கசிந்ததை வெளியேற்ற செல் சோடியத்தை உள்ளே வாங்க, அதில் பிறக்கும் மின்னோட்டம் வேண்டாத துடிப்பைக் கிளப்புகிறது.

பீட்டா ஏற்பியை அடைக்கும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரையான நாடோலால் இதை முதல் வாசலிலேயே தடுக்கிறது. பீட்டா-1, பீட்டா-2 என்ற இரு வகை ஏற்பிகளையும் அடைக்கும், நாள் முழுக்க நிற்கும். பீட்டா-1-ஐ மட்டும் அடைக்கும் மெட்டோப்ரோலால் போன்றவை இந்த நோய்க்கு அவ்வளவு காப்பு தருவதில்லை. ஆனால் நாடோலாலையும் மீறிச் சிலருக்கு மயக்கம் வருகிறது. மாத்திரை விட்டுப்போன நாள் இன்னும் ஆபத்து.

துடிப்புக் கோளாறுக்கான இன்னொரு மருந்து ஃப்ளெகைனைடு; அது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் வேலை செய்கிறது. கசியும் கதவையே அடைக்கிறதா, சோடியம் வழியை மறித்துத் துடிப்பைத் தடுக்கிறதா என்ற சர்ச்சை 2009 முதல் ஓயவில்லை. பலன் மட்டும் தெளிவு: 2017-இல் வெளியான 14 பேர் ஆய்வில், பீட்டா பிளாக்கரோடு இதைச் சேர்த்தபோது உடற்பயிற்சியில் தோன்றும் தப்புத் துடிப்புகள் வெகுவாகக் குறைந்தன. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுத்தபோது இறப்பு கூடியதை 1989-இல் பார்த்த தயக்கம் மருத்துவர்களுக்கு உண்டு. அது தழும்பேறிய இதயம். இந்தப் பிள்ளைகளின் இதயத் தசையில் குறையில்லை. ஆகவே 'இதுவா அதுவா' என்பதைவிட, நாடோலாலில் தொடங்கி, போதாதென்று டிரெட்மில் காட்டியதும் தாமதிக்காமல் ஃப்ளெகைனைடைச் சேர்ப்பதே சரி என்பேன்.

உடலுக்குள் பொருத்தி, துடிப்பு தடம் மாறினால் ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவியைப் பெற்றோர் பெரிதும் நம்புகிறார்கள். அது சங்கிலியைத் தொடுவதே இல்லை. ஷாக் அடித்தால் வலி, வலியால் பயம், பயத்தால் மறுபடி அட்ரினலின், மறுபடி ஷாக். இந்தச் சுழலில் உயிர் போனதும் உண்டு. இதயம் ஒருமுறை நின்று மீண்டவருக்கு வைத்தாலும், மருந்துகள் முழு அளவில் ஓட வேண்டும்.

இடப்பக்கப் பரிவு நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை, இதயத்துக்கு வரும் நரம்புத் தூண்டலைக் குறைக்கிறது. ரத்தத்தில் வரும் அட்ரினலினை அது நிறுத்தாது, அதனால் மாத்திரையை விட முடியாது. இடது கை வியர்க்காமல் போகலாம், இமை சற்றுத் தொங்கலாம். ஆனாலும் மருந்தை அடிக்கடி மறக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, ஐசிடிக்கு முன்னால் இதைத்தான் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.