சீயக்காயா, ஷாம்புவா?

சேலத்தில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் ஒரே உப்பு. சோப்பு நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். அதிலுள்ள சல்பேட் என்ற நுரைப்பொருள் உப்புநீருக்கு அசராது. ஆனால் தலையின் இயல்பான எண்ணெயையும் வழித்துவிடும்.

சீயக்காயில் இருப்பது சப்போனின் என்ற இயற்கை நுரைப்பொருள், நுரை கொஞ்சம்தான். அம்மா ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், ஏற்காட்டு ஆரஞ்சின் காய்ந்த தோல் ஒரு கைப்பிடி சேர்த்து மில்லில் அரைத்து வருவார். டப்பாவைத் திறந்தாலே தும்மல்தான். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் நல்லெண்ணெய் பிசுக்குப் போகும், முடி வறளாது. கண்ணில் பட்டால் மட்டும் உயிர் போகும்.

அவசரக் காலையில் நானும் ஷாம்புதான், பொய் சொல்வானேன்? அதன் பாக்கெட் உறைதான் உறுத்துகிறது: பல அடுக்குப் பிளாஸ்டிக், மறுசுழற்சிக்கு எளிதில் ஆகாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கோ சீயக்காயைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன்.