தோட்டக் குளத்துக்கு இ.பி.டி.எம். ரப்பர் விரிப்பு: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

சிமெண்ட் தொட்டி வேண்டாம், கரையில் கல்லும் செடியுமாக இயற்கையான குளம் வேண்டும் என்று கேட்டால் தண்ணீர் கசியாமல் குழிக்குள் போடும் மூன்று விரிப்புகளைக் கடையில் காட்டுவார்கள்: மாட்டுத்தீவன அசோலா வளர்க்கும் தொட்டிக்குப் போடும் சில்பாலின் என்ற பிளாஸ்டிக் தார்ப்பாய், பண்ணைக்குட்டைக்குப் போடும் எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் தாள், பிறகு 1 மி.மீ. கனமுள்ள இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். மூன்றில் விலை அதிகம் ரப்பருக்குத்தான். வீட்டுக் குளத்துக்கு அதையே வாங்குங்கள்.

காரணம் மடிப்பு. இயற்கைக் குளத்தில் நேர்க்கோடு கிடையாது. வளைவு, செடித்தொட்டி உட்காரப் படி, நடுவில் ஆழம் என்று குழி பல மட்டமாக இறங்கும். எச்.டி.பி.இ. விறைப்பானது, படி மூலையில் படியாமல் தூக்கி நிற்கும். அடியில் விழும் அந்த வெற்றிடத்தில் தண்ணீர் பாரம் ஏறும்போதுதான் கிழியும். நேர்ச்சரிவான பண்ணைக்குட்டைக்கு அது சரி, இங்கே சரிப்படாது. சில்பாலின் நன்றாக மடியும். ஆனால் தண்ணீருக்கு மேல் வெயில் படும் விளிம்பு முதலில் நொறுங்கிவிடும். ரப்பரில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பல வருஷ வெயிலுக்கும் அசராது.

குழி வெட்டி முடித்த பிறகே ஆர்டர் கொடுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் ஒவ்வொரு பக்க அளவோடும் ஆழத்தின் இரு மடங்கையும், கரைக்கு இருபுறமும் ஓரடியையும் கூட்ட வேண்டும். 16-க்கு 12 அடி வரும். எடை 20 கிலோவுக்கு மேல். தரையில் இழுக்காமல் இரண்டு பேர் தூக்கி விரிக்க வேண்டும். கூரைக்கு என்று விற்கும் ரப்பரில் மீனுக்கு ஆகாத சேர்மானம் இருக்கலாம். குளத்துக்கான ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடியில் வேர், கல் பொறுக்கி, 5 செ.மீ. சலித்த மணல், அதன்மேல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி. கோணிச்சாக்கு மக்கிப்போகும், வேண்டாம்.

விரிப்பைவிட விளிம்பில்தான் பெரும்பாலான குளங்கள் கெடுகின்றன. கரை முழுவதையும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து ஒரே மட்டமாக்குங்கள். ஒரு பக்கம் இரண்டு செ.மீ. உயர்ந்தாலும் அங்கே கறுப்பு ரப்பர் பட்டையாகத் தெரியும். விரிப்பின் கடைசி முனை கரைக்கல்லுக்குப் பின்னால், நீர்மட்டத்துக்கு மேலே செங்குத்தாக நிற்க வேண்டும். மண்ணுக்கடியில் படுக்கையாகப் புதைத்தால், விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல் மண் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். ஓட்டை என்று நினைத்து முழுக் குளத்தையும் இறைப்பார்கள், ஓட்டையே இருக்காது.

கசிகிறதோ என்று சந்தேகம் வந்தால், அருவிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பை நிறுத்தி, கரைக்கல்லில் நீர்மட்டத்தைக் குறியுங்கள். பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள். கோடையில் நாளைக்கு 5 முதல் 8 மி.மீ. ஆவியாவது இயல்பு, வாளியிலும் அதே அளவு குறையும். குளத்தில் அதைவிட அதிகம் குறைந்தால், தானாக நிற்கும்வரை விடுங்கள். நின்ற மட்டத்தை ஒட்டித்தான் பொத்தல் இருக்கும். பம்ப் நிறுத்தியதும் குறைவது நின்றால் கோளாறு அருவியில்.

அருவிக்குத் தனித் துண்டு போடலாம்; அதன் கீழ்முனை குளத்து விரிப்பின் மேல், உள்பக்கமாக விழ வேண்டும். 20 செ.மீ. அகலத்தில் தண்ணீர் படலமாக விழ மணிக்கு சுமார் 3,000 லிட்டர் வேண்டும். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் அளவு உயரமே இல்லாத நிலைக்கானது. ஏற்ற வேண்டிய உயரத்தில் எவ்வளவு தரும் என்று அட்டவணையில் பார்த்து வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷன் இதில் நிலைக்காது. ஒட்டுவதற்கு முன் பூசும் பிரைமரும் இணைப்பு டேப்பும் தேவை. உள்ளூர்க் கடையில் அவை எளிதில் கிடைப்பதில்லை, விரிப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பெருச்சாளி கடித்தால் ரப்பர் தாங்காது. மூங்கில் வேரும் துளைக்கும், அதனால் மூங்கில் பக்கத்தில் குழியே வெட்டாதீர்கள்.

தண்ணீரை மெதுவாக விட்டு, ஏற ஏற மடிப்பை நீவிவிடுங்கள். நிறைந்து, மண் ஒரு வாரம் அமர்ந்த பிறகே விளிம்பை வெட்ட வேண்டும். வெட்டிய துண்டை எறியாதீர்கள். பின்னால் ஒட்டுப்போட அதே ரப்பர்தான் பொருந்தும்.