380 டாலர் கொடுத்து வாங்கிய "அமைதியான" கேபின்: யாரும் ஏமாறாதீர்கள்

கப்பலை விட்டு இறங்கி மூன்று நாள் ஆகிறது. காதுக்குள் அந்த உறுமல் இன்னும் நிற்கவில்லை. அதிர்வும் சத்தமும் இல்லாத கேபினை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் என் 380 டாலர் போன கதையைக் கேளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. இலை அசைந்தாலே விழித்துக்கொள்வார். ஏழு இரவு கப்பல் பயணம் என்றதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "ராத்திரி தூங்க முடியுமாடா?" அதனால்தான் நானாகப் பதிவு செய்யாமல், கப்பல் பயணங்களுக்கு முன்பதிவு செய்து தரும் ஓர் இணையதளத்துக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரித் தளங்கள் நிறைய இருக்கின்றன.

எடுத்தவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "அம்மாவுக்குத்தானே சார்? அப்ப கப்பலோட நடுவுல, கீழ் டெக்ல, அதாவது கீழ்த் தளத்துல எடுத்துடலாம். சீசா பலகையில நடுவுல உட்கார்ந்தா ஆடாது பாருங்க, முனையில இருக்கிறவங்கதான் ஏறி இறங்குவாங்க. அது மாதிரிதான். மேலயும் கீழயும் கேபின்களே இருக்கிற டெக்கா பார்க்கணும். நானே அந்த வரிசையில போயிருக்கேன். டம்ளர்ல தண்ணி வச்சா அலுங்காது."

அந்த டம்ளரில்தான் விழுந்தேன். இவ்வளவு விஷயம் தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, அந்த கேபின் எனக்குக் கிடைக்கும் என்பதைத் தவிர. இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தர, டிக்கெட் பணத்துக்கு மேல் 380 டாலர் கேட்டார். அன்றைக்கே கட்டினேன்.

உறுதிச் சீட்டு வந்தது. கேபின் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜிடிஒய்' (GTY) என்று மூன்று ஆங்கில எழுத்து. கேட்டேன். "சிஸ்டம் அப்டேட் ஆகல சார், நம்பர் வந்துடும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் 'கேரண்டி' என்பது பிறகுதான் தெரிந்தது. ஏதோ பெரிய உத்தரவாதம் என்று நினைக்காதீர்கள். பணம் கட்டிய வகையிலோ அதற்கு மேலோ ஒரு கேபின் உண்டு என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். எந்த இடம் என்பதைக் கப்பல் நிறுவனம் பின்னால் முடிவு செய்யும், மீந்துபோனதைத் தரும். அதனால்தான் அது பெரும்பாலும் விலை குறைவு. அதாவது, தேர்ந்தெடுப்பதற்கு என்று என்னிடம் 380 டாலர் வாங்கிக்கொண்டு, தேர்ந்தெடுக்கவே முடியாத டிக்கெட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்!

கப்பலில் ஏறி நடந்தோம், நடந்தோம், நடைபாதை முடிகிற வரைக்கும் நடந்தோம். பின்முனையிலிருந்து மூன்றாவது கதவு எங்களுடையது. துறைமுகத்தில் நின்றவரை ஒரு சத்தமும் இல்லை. கிளம்பி வேகம் எடுத்ததும் ஆரம்பித்தது. மேஜையில் வைத்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக நெளிவு. கொஞ்ச நேரத்தில் டம்ளரே நகர்ந்து போய்க் கண்ணாடியில் முட்டிக் கிணுகிணுத்தது. அலமாரியில் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதின. துண்டைச் சுற்றி வைத்தேன். குளியலறைக் கூரைப் பலகை கடகடத்தது. அன்றைய நிகழ்ச்சித் தாளை மடித்துச் செருகினேன். கட்டில் அதிர்வதை என்ன செய்வது? "மாவு மில்லுக்கு மாடியில படுத்த மாதிரி இருக்குடா" என்றார் அம்மா.

எங்களுக்குக் கீழே புரொப்பெல்லர். இறக்கைகள் தண்ணீரைத் தள்ளும்போது குமிழிகள் உண்டாகி உடைகின்றன, அந்த அடிதான் கப்பலின் உடம்பு வழியாக மேலே வருகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குத் துறைமுகத்தில் கப்பலைத் திருப்பும்போது இன்னும் மோசம். சரி, மேலேயாவது நிம்மதியா? மேலே சாப்பாட்டுக் கூடம். கடைசிப் பந்தி முடிந்து நள்ளிரவில் நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள்.

மூன்றாம் இரவு கண் விழித்தால் அம்மாவைக் காணோம். பதறிப்போய்த் தேடினேன். கப்பலின் நடுவில், லிஃப்டுக்குப் பக்கத்து சோபாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு அதிர்வு இல்லை. அந்த சோபா இருந்த இடத்துக்குத்தான் நான் 380 டாலர் கொடுத்திருந்தேன்.

வரவேற்பு மேஜையில் கேட்டால், கப்பல் முழுக்க நிரம்பிவிட்டது, முகவரிடம் கேளுங்கள் என்று சொல்லி இரண்டு ஜோடி காதடைப்பான் கொடுத்தார்கள். அதிர்வு காது வழியாகவா வருகிறது? முதுகு வழியாக வருகிறது. முகவருக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. சாட்டில் வேறொருவர் வந்து, "கேபின் ஒதுக்குவது கப்பல் நிறுவனம்" என்றார். அப்படியானால் என் 380 டாலர் எதற்கு? "அது சேவைக் கட்டணம், திரும்பத் தரப்படாது." என்னிடம் பேசியவர் எங்கே? "அவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார்." அன்று மாலையே ஒரு மெயில்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. யாருக்குத் தீர்ந்தது?

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பாருங்கள். கேபின் எண் கைக்கு வராமல் இடத்துக்கென்று ஒரு பைசா கட்டாதீர்கள். எண் வந்ததும் கப்பலின் டெக் வரைபடத்தை எடுத்து, மேலே ஒரு டெக், கீழே ஒரு டெக் பாருங்கள். நீச்சல் குளம், நாடக அரங்கு, நடன கிளப் இருந்தால் வேண்டாம். பெயர் போடாத வெற்றிடத்தையும் நம்பாதீர்கள், சமையலறையாகவோ பணியாளர் பகுதியாகவோ இருக்கலாம். கீழ் டெக்கில் முன்முனையும் வேண்டாம், நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் அங்கே கேட்கும். பக்கத்து கேபினுக்கு உள்கதவு இருந்தால் அவர்கள் பேசுவதெல்லாம் உங்களுக்கும் கேட்கும். போனில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

ஐந்தாவது மெயில் எழுத உட்கார்கிறேன். 380 டாலர்.