எந்த மூலையில் புகைந்தாலும் எல்லா அறையிலும் ஒலிக்கும்: எங்கள் பிரிஸ்பேன் வீட்டுப் புகை அலாரங்கள்

பிரிஸ்பேன் இருக்கும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் இணைப்புள்ள புகை அலாரம் வாடகை வீடுகளுக்கும் விற்கப்படும் வீடுகளுக்கும் 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு 2027 ஜனவரி 1 வரை கெடு. நாங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 2011இல் பிரிஸ்பேனுக்குத் தெற்கே ஸ்லாக்ஸ் கிரீக்கில் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்தார்கள். இந்தச் சட்டம் வந்ததே அதற்குப் பிறகுதான். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தள்ளிப்போட மனம் வரவில்லை.

ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, மாடி நடைவழியில் ஒன்று, கீழே வெளியேறும் வழியில் ஒன்று. கீழே புகைந்தால், மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் பிள்ளையின் தலைக்கு மேலேயே சத்தம் கேட்கும். இதற்காகத்தான் இவ்வளவு செலவும்.

ஏற்கெனவே 240 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் அலாரம் இருந்த இடத்தில் அதே வகையைத்தான் மாட்ட வேண்டும், அதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் தேவை. மற்ற இடங்களில் கழற்ற முடியாத 10 வருட பேட்டரி உள்ளது போதும். எல்லாம் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்கின்றன. ஆனால் ஒரே கம்பெனியின் ஒத்துப்போகும் மாடல்களாகப் பார்த்து வாங்குங்கள், கலந்து வாங்கினால் பெரும்பாலும் இணையாது. புகையை ஒளியால் கண்டறியும் போட்டோஎலக்ட்ரிக் வகைக்குத்தான் சட்டம் அனுமதி தருகிறது.

நம் சமையலுக்கு இடம்தான் முக்கியம். மிளகாய் தாளிக்கும் புகை நேராகப் போகும் வழியில் மாட்டினால் தினமும் அலறும். சமையலறையை விட்டுத் தள்ளியே வைத்தோம், தொந்தரவு மிகக் குறைவு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான். அப்புறம், சுவரும் கூரையும் சேரும் மூலையிலிருந்து 300 மில்லிமீட்டர், மின்விசிறி இறக்கையிலிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

குறை என்றால் பூச்சிதான். மழைக்காலத்தில் ஒரு சின்னப் பூச்சி உள்ளே புகுந்து, நடுராத்திரியில் வீடு முழுக்க அலறியது. எந்த அலாரம் தொடங்கியது என்பதை அதில் வேகமாக மின்னும் சிவப்பு விளக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அதனால் வாக்யூமால் அவ்வப்போது சுத்தம் செய்கிறேன். மாதம் ஒருமுறை ஒன்றின் பட்டனை அழுத்தி எல்லாம் ஒலிக்கிறதா என்று பார்ப்பேன், இதுவரை ஒன்றுகூடத் தவறவில்லை.

வாங்கும்போது பின்பக்கம் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அலாரத்தின் 10 வருட ஆயுள் கணக்கு தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான், மாட்டிய நாளிலிருந்து அல்ல.